இடது பின்சக்கரம்

ஏழாயிரத்து இருநூறு என்றான்
கிரீன் சர்க்கிள் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரன்,
காரைப் பார்க்காமலேயே.
பேடும் டிஸ்க்கும் மட்டும் வாங்கிவந்து
மூன்று நாள் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

ஞாயிறு. சத்துவாச்சாரி ஃபேஸ் டூ.
ஏழு மணிக்கே மலை சூடேறத் தொடங்கிவிட்டது.
முன்சக்கரங்களுக்கு முட்டாகச் செங்கல்,
கியரில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து
(விட்டால்தான் பின்பிரேக் கழலும் என்றதை
நீ நம்பவில்லை)
நட்டுகளைத் தளர்த்தினேன். நான்கு வந்தன.
ஐந்தாவதுக்கு ஸ்பேனர்மேல் ஏறி நின்றேன்.
மதில்மேல் தலை நீட்டி தஸ்தகீர் பாய் கேட்டார்:
"இன்னா மேடம், ஊர்ல மெக்கானிக்கா இல்ல?"
இருக்கிறார்கள் பாய்.
நட்டு கிறீச்சிட்டு இளகியது.
ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க என்று
மகனை அனுப்பி லாரி ஷெட்டிலிருந்து
ஸ்டாண்டு ஒன்று கொண்டுவரச் செய்தார், அதுவும் அவர்தான்.

காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது.
துணிக்கொடிக் கம்பியில் ஒரு முழம் வெட்டி
ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினேன்.
டயாலிசிஸ் பிரிவில் பதினோரு வருடம்.
குழாய் இழுபடக் கூடாது, உள்ளே காற்று போகக் கூடாது.
எனக்குத் தெரிந்த வண்டி வேலை அவ்வளவுதான்.

உள்பக்கத்து பேடில் ஒன்றுமே இல்லை.
இரும்பு இரும்பை அரைத்திருந்தது.
டிஸ்க்கில் விரல் ஓட்டினால்
பள்ளத்தில் நகம் மாட்டுகிறது.
நீயும் பார்த்தாய்.
ஏலகிரியிலிருந்து இறங்கும்போது
ஒன்பதாவது வளைவில்
என்னவோ கத்துதே என்றேன்.
தூசியா இருக்கும் என்று ரேடியோவைக் கூட்டினாய்.
ராணிப்பேட்டைக்குப் போய்வந்த இரண்டு மாதமும்
அது கூட்டியே இருந்திருக்கிறது:
நேற்று சாவியைத் திருப்பியதும்
காது அடைத்துப்போய்த் தெரிந்துகொண்டேன்.

டிஸ்க் வரவில்லை.
மழையே பெய்யாத ஊரில்
எங்கிருந்துதான் இவ்வளவு துருவோ.
சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினேன்,
தெரு முழுக்க ஞாயிற்றுத் தூக்கம் கெட்டது.

முன்சக்கரத்துப் பிஸ்டன் அழுத்தினால் உள்ளே போகும்.
பின்சக்கரத்தது அப்படியில்லை.
அழுத்தியபடியே திருக வேண்டும்,
ஒரு சுற்றுக்கு அரை நூல் இறங்கும்.
செல்போன் டார்ச்சை நீ பிடித்திருந்தாய்.
நீ பேசும்போதெல்லாம்
வெளிச்சமும் உன்னோடு பேசப் போய்விடுகிறது.
அதனால் பேசாமலிருந்தாய். நானும்.
பதினெட்டுச் சுற்று.
போனட்டுக்குள் ஆயில் டப்பா வழிகிறதா பார் என்றேன்.
ஓடினாய்.

வலப்பக்கம் சீக்கிரம் முடிந்தது.
சக்கரம் மாட்டி, கை கழுவி, காப்பி குடித்துத் திரும்பினால்
செய்தித்தாளில் ஒரு கிளிப் மிச்சம்.
"எக்ஸ்ட்ரா குடுத்திருப்பான்" என்றாய்.

உன்னைப் பார்த்தேன்.

ஜாக்கியை நீயே எடுத்துவந்தாய்.
இடது பின்சக்கரம், கீழ்ப்பக்கம்.
அதற்கான பள்ளம் காலியாக இருந்தது.

பிறகு சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன்.
தரைவரை போனது.
மாடிப்படி இன்னொன்று இருக்கிறது என்று
இருட்டில் கால் வைத்ததுபோல.
இப்படித்தான் இருக்கும் என்று தெரியும்,
தெரிந்தும் அடிவயிறு ஒருமுறை புரண்டது.
மறுபடி மிதித்தேன். மறுபடி.
ஐந்தாவதில் கால் எதன்மேலோ நின்றது.

பத்து முறை வேகமெடுத்து
பத்து முறை மெதுவாக்க வேண்டும்,
புதுப் பேடு டிஸ்க்கோடு பழக.
கலெக்டர் ஆபீஸ் தாண்டி சர்வீஸ் ரோட்டில்
பரோட்டாவுக்கு மாவு பிசைகிறவன்
எங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
ஆறாவதில் கருகல் வாசனை.
அப்படித்தான் வரும் என்றேன், நிச்சயமில்லாமல்.

திரும்பும்போது ஓட்டியது நீ.
ரேடியோ பக்கம் போன கை
ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கியது.
அனல் உள்ளே வந்தது.
கேட்க ஒன்றுமில்லை.
வீட்டுப் பக்கம் திரும்பாமல்
பாலாற்றுப் பாலம் வரை
கேட்டுக்கொண்டே போனோம்.